கேஷ் தீர்க்காத கணக்கு

பல பக்கங்கள் கொண்ட ஒரு வலைச் செயலியைக் கட்ட உட்காரும் குழுக்களில் ஒரு வாதம் விவாதமே இல்லாமல் ஜெயித்துவிடுகிறது. எல்லா ஜாவாஸ்கிரிப்டையும் சேர்த்து ஒரே பண்டில், எல்லா சிஎஸ்எஸ்ஸையும் சேர்த்து இன்னொன்று, இரண்டையும் பொது லேஅவுட்டில் ஒருமுறை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. லாகின் பக்கமோ, பட்டியல் பக்கமோ, ஆண்டறிக்கைப் பக்கமோ, எல்லாவற்றுக்கும் அதே கோப்புகள். “முதல் பக்கத்துக்குத்தான் கொஞ்சம் லேட்டாகும், அப்புறம் எல்லாம் கேஷிலிருந்து வந்துவிடும்” என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மறுத்துப் பேசுகிறவருக்கு, சும்மா இருப்பதைச் சிக்கலாக்குகிறவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

அந்த ஒற்றை வரிக்குள் மூன்று அனுமானங்கள் இருக்கின்றன. முதல் வருகை என்பது அபூர்வம். கேஷுக்குள் போன கோப்பு அங்கேயே இருக்கும். கேஷிலிருந்து வரும் கோப்புக்குச் செலவு கிடையாது. மூன்றுமே தவறு. அதிலும் மூன்றாவது, பல பக்கச் செயலியைப் பொறுத்தவரை படுமோசமான தவறு.

இந்த நம்பிக்கை வந்த வழியை முதலில் பார்த்துவிடலாம். 2007-ல் யாஹூவில் வேலை பார்த்த ஸ்டீவ் சௌடர்ஸ், ‘ஹை பெர்ஃபாமன்ஸ் வெப் சைட்ஸ்’ என்ற புத்தகத்தில் 14 விதிகளைத் தந்தார். எச்டிடிபி கோரிக்கைகளைக் குறைக்க வேண்டும் என்பது முதல் விதி. அன்றைக்கு அது நூற்றுக்கு நூறு சரி. எச்டிடிபி/1.1-ன் 1999 வரையறை, ஒரு சர்வருக்கு இரண்டு இணைப்புகளுக்கு மேல் திறக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது; இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 அதை அப்படியே கடைப்பிடித்தது. இருபது ஸ்கிரிப்ட் இருந்தால் இரண்டிரண்டாக வரிசையில் நிற்க வேண்டியதுதான். பிறகு வந்த பிரவுசர்கள் அந்த எண்ணை ஆறாக உயர்த்தின. வரிசை சற்றுக் குறுகியது, அவ்வளவே.

2011-ல் ரூபி ஆன் ரெயில்ஸ் 3.1 இந்த விதியை ஒரு இயல்பு அமைப்பாகவே மாற்றியது. புதிய புராஜெக்ட் தொடங்கினால் கிடைக்கும் அப்ளிகேஷன்.ஜேஎஸ் கோப்பில் ‘ரிக்வயர்_ட்ரீ’ என்றொரு வரி இருக்கும். இந்த ஃபோல்டரிலும் அதற்குள்ளும் உள்ள அனைத்தையும் சேர்த்துக்கொள் என்பது அதன் பொருள். ஒரு தலைமுறை டெவலப்பர்கள் அந்த வரியை அழிக்காமலேயே வேலை பழகினார்கள். சௌடர்ஸ் சொன்னது கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லும் விதி. ஒரு பக்கத்துக்குத் தேவையே இல்லாத நிரலையும் அந்தப் பக்கத்தின் தலையில் கட்டு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. பண்டில் செய்வதும் ஒரே பண்டில் செய்வதும் வேறு வேறு என்பது இந்த இடத்தில்தான் மறந்துபோனது.

முதல் அனுமானத்துக்கு விடை அதே 2007-லேயே, அதே யாஹூவிலிருந்து வந்தது. தன் பயனர்களின் கேஷ் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த நிறுவனத்தின் குழு அளந்து பார்த்தது. 40 முதல் 60 சதவீதம் பயனர்கள் காலி கேஷோடு வந்தவர்கள். பக்கப் பார்வைகளில் கிட்டத்தட்ட 20 சதவீதம் காலி கேஷில் நடந்தவை. அன்றைக்குப் பலருக்கு முகப்புப் பக்கமாக இருந்த தளத்திலேயே இந்த நிலை. மாதம் ஒருமுறை கட்டணம் கட்ட எட்டிப்பார்க்கும் தளத்தின் பண்டில், விலை குறைந்த போனின் கேஷில் முப்பது நாள் காத்திருக்கும் என்று எந்த நம்பிக்கையில் திட்டமிடுகிறார்கள்? பொதுச் சிடிஎன்-லிருந்து ஜேகுவெரியை எடுத்தால் வேறு ஏதோ தளம் அதை ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் என்ற பழைய சமாதானமும் செத்துவிட்டது. சஃபாரி 2013-லிருந்தே தளத்துக்குத் தளம் கேஷைப் பிரித்து வைத்தது. 2020-ல் குரோம் 86, 2021-ல் ஃபயர்ஃபாக்ஸ் 85 என்று மற்றவையும் அந்த வழிக்கு வந்தன.

இரண்டாவது அனுமானத்தைக் கவிழ்ப்பவர்கள் அதை நம்புகிறவர்களேதான். பண்டில் கோப்பின் பெயரில் அதன் உள்ளடக்கத்துக்கான ஹேஷ் ஒட்டப்படுகிறது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் பெயர் மாறும், பெயர் மாறினால் முழுக் கோப்பும் திரும்ப இறங்கும். நிர்வாகிகள் மட்டும் பார்க்கும் ஒரு பக்கத்தில் பட்டனின் எழுத்துப் பிழையைத் திருத்தி மாலையில் டெப்ளாய் செய்தால், மறுநாள் காலையில் வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் செயலி முழுவதையும் மறுபடி இறக்குவார். வாரத்துக்கு மூன்று முறை டெப்ளாய் செய்வதில் பெருமைப்படும் குழுதான் ‘கேஷ் பார்த்துக்கொள்ளும்’ என்றும் சொல்கிறது. இரண்டு பெருமையும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது.

இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறவர்கள்கூட மூன்றாவதில் இடறுகிறார்கள். கேஷ் மிச்சப்படுத்துவது நெட்வொர்க் பயணத்தை. ஜாவாஸ்கிரிப்டின் செலவு அத்தோடு முடிவதில்லை. இறங்கிய கோப்பைப் பிரவுசர் படித்துப் பொருள் பிரிக்க வேண்டும், கம்பைல் செய்ய வேண்டும், மேலிருந்து கீழ்வரை இயக்க வேண்டும். ஒற்றைப் பக்கச் செயலியில் இது ஒருமுறை நடக்கும். அதற்குப் பிறகு பயனர் எங்கே போனாலும் அந்த நிரல் நினைவகத்தில் உயிரோடு இருக்கும். பல பக்கச் செயலியில் ஒவ்வொரு கிளிக்கும் ஒரு புதுப் பிறவி. பழைய பக்கத்தின் நினைவகம் கழுவப்படும், புதிய பக்கத்தில் பண்டில் முதல் வரியிலிருந்து மீண்டும் ஓடும். பத்துப் பக்கம் பார்க்கும் பயனருக்கு அது பத்து முறை ஓடுகிறது. ஒரே பண்டில் என்ற யோசனை ஒற்றைப் பக்கச் செயலியில் ஓரளவு தாங்கும். அதைப் பல பக்கச் செயலிக்குக் கொண்டுவந்தால் முதல் பக்கத்தின் பாரம் எல்லாப் பக்கத்துக்கும் பாரமாகிறது.

குரோமின் வி8 இஞ்சின் கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கிறதே என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். வைக்கிறதுதான். அது எப்படி நடக்கிறது என்பதை வி8 குழுவே 2019-ல் எழுதி வைத்திருக்கிறது. முதல் முறை கோப்பு இறங்கி, கம்பைலாகி, ஓடும். 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை வந்தால் அப்போதுதான் கம்பைலான வடிவம் சேமிக்கப்படும். மூன்றாவது முறை அது பயன்படும். அந்தச் சேமிப்பும் கோப்பின் அடையாளத்தோடு கட்டுண்டது. ஹேஷ் மாறினால் திரும்பவும் முதலிலிருந்து. எல்லாம் கூடிவந்த நல்ல நாளில்கூட மிச்சமாவது கம்பைல் நேரம் மட்டும்தான். இயக்க நேரத்தை எந்தச் சேமிப்பும் தொடாது. மேல்மட்டத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும், லைப்ரரிகள் எழுந்திருக்கும்போது கட்டும் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாகக் கட்டப்படும். அதே ஆண்டு ஜாவாஸ்கிரிப்டின் செலவைப் பற்றி வி8 தளத்தில் எழுதிய ஆடி ஒஸ்மானி, ஒரே பெரிய பண்டிலைத் தவிர்க்கச் சொன்னார். 50 முதல் 100 கிலோபைட்டைத் தாண்டினால் உடைக்கச் சொன்னார்.

இந்தப் பாரத்தில் என்னதான் இருக்கிறது? எச்டிடிபி ஆர்க்கைவ் தரவை வைத்து வெளிவரும் ‘வெப் அல்மனாக்’கின் 2022 கணக்குப்படி, இடைநிலை மொபைல் பக்கம் ஒன்று சுமார் 460 கிலோபைட் ஜாவாஸ்கிரிப்டை இறக்குகிறது, பயன்படுத்தாத பகுதிக்கான இடைநிலை அளவு மட்டும் சுமார் 160 கிலோபைட். இந்த எண்ணைக் கேட்டு யாரும் அசைவதில்லை. உள்ளே என்ன போகிறது என்று ஒரு கோப்பைத் திறந்து காட்டினால்தான் உறைக்கும்.

தேதியை அழகாக அச்சிட உலகமே பயன்படுத்திய லைப்ரரி மொமண்ட். அதன் லோகேல் ஃபோல்டரில் மொழிக்கு ஒரு கோப்பு. எந்த மொழிக் கோப்பு தேவைப்படும் என்பதை இயங்கும் நேரத்தில் முடிவு செய்யும்படி அது எழுதப்பட்டிருந்ததால், பண்டில் கட்டும் கருவியான வெப்பேக்கால் முன்கூட்டியே எதையும் கழிக்க முடியவில்லை. தனியாக ஒரு பிளக்இன் போட்டுத் தடுக்காவிட்டால் அத்தனை மொழியும் பண்டிலுக்குள் ஏறிவிடும். அதில் தமிழும் உண்டு. மொமண்டின் தமிழ்க் கோப்பு வெறும் மாதப் பெயர்களோடு நிற்கவில்லை. ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள், யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை என்று சிறுபொழுதுகள்கூட இருக்கின்றன. யாரோ ரசித்து எழுதியிருக்கிறார். ஆக, ஜெர்மனியில் ஒரு பில்லிங் தளம் விலைப்பட்டியலில் தேதி போடுவதற்காக மொமண்டைச் சேர்த்தபோது, அங்குள்ள கணக்காளரின் லாகின் பக்கத்துக்கு ‘எற்பாடு’ போய்ச் சேர்ந்தது. சங்க இலக்கியச் சொல் அவ்வளவு தூரம் போனதில் மகிழ்ச்சிதான். ஆனால் தேதியே இல்லாத லாகின் பக்கத்தில் அது ஏன் இறங்க வேண்டும் என்ற கேள்விக்கு ‘ஒரே பண்டில்’ கட்சியிடம் பதில் கிடையாது.

வேகத்தை விடுவோம். நிரலின் ஒழுங்கில் இந்தப் பழக்கம் செய்த சேதம் அதைவிடப் பெரிது. எல்லாப் பக்கத்தின் நிரலும் எல்லாப் பக்கத்திலும் ஓடுகிறது என்றால், ஒவ்வொரு துண்டும் ‘இது என் பக்கம்தானா’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். விலைப்பட்டியல் அட்டவணை இருக்கிறதா என்று தேடு, இருந்தால் ஓடு, இல்லாவிட்டால் சும்மா இரு. ஜேகுவெரி காலத்தில் இந்தக் கேள்வியைக்கூடப் பலர் கேட்கவில்லை. இல்லாத ஒன்றைத் தேடி அதை மறைக்கச் சொன்னால் ஜேகுவெரி கோபப்படாது. கிடைத்தது பூஜ்யம், பூஜ்யத்தை மறைத்தாயிற்று என்று அமைதியாகப் போய்விடும். வசதியாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் நீக்கப்பட்ட பக்கத்தின் நிரல் இன்னும் ஒவ்வொரு பக்கத்திலும் ஓடி, எதையோ தேடி, கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தி வராததால் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அழிக்கத் துணிவு வராது, ஏனென்றால் அந்த கிளாஸ் பெயரை வேறு எந்தப் பக்கம் நம்பியிருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

ரெயில்ஸில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது. ஒரு கன்ட்ரோலரை உருவாக்கினால், அதே பெயரில் ஒரு காஃபிஸ்கிரிப்ட் கோப்பையும் அது உருவாக்கித் தந்தது. அந்தக் கன்ட்ரோலருக்கான நடத்தைகளை இங்கே எழுதவும் என்று மேலே ஒரு குறிப்பு வேறு. புதிதாக வந்தவர் யூசர்ஸ் கோப்பில் எழுதுவது யூசர்ஸ் பக்கத்தில் மட்டும் ஓடும் என்று நம்பினார். அது எல்லாப் பக்கத்திலும் ஓடியது. ஃபோல்டரின் அமைப்பு ஒன்றைச் சொல்ல, பண்டில் வேறொன்றைச் செய்தது.

இதற்குக் கைவைத்தியம் கண்டுபிடித்தவர்களும் உண்டு. 2009-ல் பால் ஐரிஷ், பாடி டேகின் கிளாஸைப் படித்து அந்தப் பக்கத்துக்குரிய ஃபங்ஷனை மட்டும் அழைக்கும் ஒரு முறையை எழுதினார்; ஜேசன் கார்பர் அதை கன்ட்ரோலர், ஆக்‌ஷன் பெயர்களைக் கொண்டு செய்யும்படி விரித்தார். புத்திசாலித்தனமான முறைதான். அதன் சாரத்தைக் கவனிக்க வேண்டும்: எந்தப் பக்கம் என்பதை சர்வர் அறியும், எல்லா நிரலையும் அனுப்பிவிட்டு, ‘நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய்’ என்று பிரவுசருக்குக் காதில் சொல்லும். சர்வருக்குத்தான் முன்பே தெரியுமே, அந்தப் பக்கத்தின் நிரலை மட்டும் அனுப்பியிருக்கலாமே?

அப்படி அனுப்பும் மாபெரும் பல பக்கச் செயலி ஒன்று எல்லோர் கண்முன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் விக்கிப்பீடியா. அதன் அடியில் இருக்கும் மீடியாவிக்கி, 1.17 பதிப்பில், ரெயில்ஸ் 3.1 வந்த அதே 2011-ல், ரிசோர்ஸ்லோடர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் ஒரே பண்டில் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும், இந்தப் பக்கத்துக்கு இன்னின்ன மாட்யூல்கள் வேண்டும் என்று ஒரு சிறு பட்டியலை சர்வர் எழுதிவிடுகிறது. அடுத்து ‘ஸ்டார்ட்டப்’ என்ற சிறு கோப்பு வரும். எல்லா மாட்யூல்களின் பெயர்களும், ஒவ்வொன்றின் பதிப்பு ஹேஷும், எது எதைச் சார்ந்தது என்ற விவரமும் அதில் இருக்கும். பிரவுசர் இரண்டையும் ஒப்பிட்டு, தன் உள்சேமிப்பில் சரியான பதிப்பு இருப்பவற்றை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு, இல்லாதவற்றை மட்டும் மொத்தமாக ஒரே கோரிக்கையில் கேட்கும். சௌடர்ஸின் விதி மீறப்படவில்லை, கோரிக்கை ஒன்றுதான். ஆனால் அந்தக் கோரிக்கைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பக்கம் முடிவு செய்கிறது. ஒரு மாட்யூலில் பிழை திருத்தினால் அந்த மாட்யூல் மட்டும் திரும்ப இறங்கும்.

தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். கட்டுரை படிக்க வந்தவருக்குத் தொகுப்பானின் நிரல் இறங்காது. ‘தொகு’ என்பதைத் தட்டினால்தான் அந்தப் பெரிய எடிட்டர் கிளம்பி வரும். தட்டச்சு வசதி இன்னும் அழகான உதாரணம். தேடல் பெட்டியில் கர்சரை வைக்கும் வரை உள்ளீட்டுக் கருவி வருவதில்லை. வந்த பிறகும் எல்லா விசைப்பலகைகளையும் சுமந்துகொண்டு வருவதில்லை. தமிழ் 99, பாமினி, இன்ஸ்கிரிப்ட், எழுத்துப்பெயர்ப்பு என்று முறைக்கு ஒரு விதிக் கோப்பு இருக்கிறது. பயனர் தமிழ் 99-ஐத் தேர்ந்தால் அந்த ஒரு கோப்பு இறங்கும். பாமினியில் பழகியவருக்குத் தமிழ் 99-ன் விதிகள் எதற்கு? மலையாளமும் அஸ்ஸாமியும் எதற்கு? ‘ஒரே பண்டில்’ கட்சியார் கையில் இந்தக் கருவி சிக்கியிருந்தால் உலகத்தின் விசைப்பலகைகள் அனைத்தும் ஒவ்வொரு கட்டுரையோடும் சேர்ந்து வந்திருக்கும், கேஷ் பார்த்துக்கொள்ளும் என்ற ஆறுதலோடு.

பிரிப்பதற்கும் விலை உண்டு என்பதை விக்கிமீடியா மறைக்கவில்லை. மாட்யூல்கள் பெருகப் பெருக அந்த ஸ்டார்ட்டப் பட்டியல் 36 கிலோபைட் வரை வீங்கியது. விக்கிமீடியாவின் வேகக் குழு அதை 28 கிலோபைட்டுக்குள் அடக்க இலக்கு வைத்து, ஓராண்டு முழுவதும் மாட்யூல்களை ஒன்றிணைத்தும் தேவையற்றதைக் கழித்தும் வேலை செய்தது. நாளொன்றுக்கு 4.3 டெராபைட் தரவு மிச்சமானது. இஷ்டத்துக்குத் துண்டு போடுவது பிரித்தல் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அங்கேதான் இன்னொரு முகாமுக்கும் பதில் இருக்கிறது. 2015-ல் எச்டிடிபி/2 வந்தது. ஒரே இணைப்பில் எத்தனை கோப்புகளையும் இணையாக அனுப்பலாம் என்றானது. உடனே, பண்டில் செய்வதே பழைய பஞ்சாங்கம், கோப்புகளை அப்படியே அனுப்புங்கள் என்று ஒரு கோஷம் கிளம்பியது. அதே ஆண்டு கான் அகாடமி தன் நூற்றுக்கணக்கான ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தனித்தனியாக அனுப்பிச் சோதித்துவிட்டு, அவசரப்படாதீர்கள் என்று எழுதியது. சிறு கோப்புகள் தனித்தனியாகச் சரியாகச் சுருங்குவதில்லை. கோப்புக்குக் கோப்பு ஒரு நிலையான செலவும் இருக்கிறது. சுமார் 300 மாட்யூல்களைக் கொண்டு குரோம் குழு செய்த ஆய்விலும் பண்டில் செய்த வடிவமே முந்தியது; மொத்தம் 100 மாட்யூல்களுக்குள், சார்பு ஆழம் ஐந்துக்குக் குறைவாக இருந்தால் பண்டில் இல்லாமல் சமாளிக்கலாம் என்பது அவர்கள் தந்த அளவுகோல். ரெயில்ஸ் 7 அந்தப் பாதையில் போய் இம்போர்ட் மேப்பை இயல்பாக்கியிருக்கிறது, சிறிய செயலிக்கு அது நன்றாகவே பொருந்தும். ஒரு முகாம் எல்லாவற்றையும் கட்டச் சொல்கிறது, மற்றது எதையும் கட்டாதே என்கிறது. இரண்டுமே பக்கம் என்ற அலகைப் பார்க்க மறுக்கின்றன.

பல பக்கச் செயலி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கிறது. யூஆர்எல் பிரித்திருக்கிறது, சர்வர் பிரித்திருக்கிறது, டெம்ப்ளேட் பிரித்திருக்கிறது. நிரலையும் அதே கோட்டில் வெட்டினால் போதும். வெப்பேக்கின் ஆவணமே, ஒரு எச்டிஎம்எல் பக்கத்துக்குச் சரியாக ஒரு நுழைவுக் கோப்பு என்று தெளிவாகச் சொல்கிறது. சிம்ஃபனியின் என்கோர், வீட், ரோலப் எல்லாவற்றிலும் நுழைவுகளைப் பெயரிட்டுப் பட்டியலிட இடம் இருக்கிறது. எந்தப் பக்கத்துக்கு எந்த ஹேஷ் பெயர் கொண்ட கோப்பு என்பதை அவை, தேவைப்படும் இடத்தில் ஒரு பிளக்இன் துணையோடு, ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பாக எழுதிக் கொடுக்கும். சர்வரில் இருக்கும் லாராவெலோ ஜாங்கோவோ அதைப் படித்து டேகை எழுதிவிடும்.

ஃபோல்டரையும் அதே கோட்டில் வைத்துக்கொள்வது நல்லது. ஜேஎஸ் தனி, சிஎஸ்எஸ் தனி, இமேஜ் தனி என்ற பழைய அடுக்கு, கோப்பின் வால்பெயரைப் பார்த்து அடுக்கியது. ரசீதுப் பக்கத்தில் வேலை செய்பவர் மூன்று ஃபோல்டருக்கும் அலைய வேண்டும். ரசீதுப் பக்கத்துக்கு என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அதன் ஸ்கிரிப்ட், ஸ்டைல், டெஸ்ட் என்று வைத்தால், அந்தப் பக்கத்தை நிறுத்தும் நாளில் ஃபோல்டரை அழித்துவிடலாம். வேறு எதுவாவது அதை நம்பியிருந்தால் பில்ட் உடைந்து காட்டிக்கொடுக்கும். ஜேகுவெரி போல மௌனம் சாதிக்காது.

இங்கே ஒரு கண்ணிவெடி இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. பொதுத் தலைப்பகுதிக்கு ஒரு நுழைவு, பக்கத்துக்கு ஒரு நுழைவு என்று இரண்டை ஒரே பக்கத்தில் இணைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ‘கார்ட்’ மாட்யூலைப் பயன்படுத்துகின்றன. வெப்பேக்கில் ரன்டைமைப் பொதுவாக்கும் அமைப்பைப் போடாவிட்டால், ஒரே மாட்யூல் இரண்டு முறை உயிர்பெறும். பயனர் பொருளைச் சேர்ப்பார், பக்கத்தின் கார்ட்டில் ஒன்று கூடும். தலைப்பகுதியின் கார்ட் ஐகானில் பூஜ்யமே நிற்கும். நிரலில் பிழை எதுவும் தெரியாது. ஒரு நாள் முழுவதும் தேடிவிட்டு, ‘பிரித்ததால் வந்த வினை’ என்று பழைய பண்டிலுக்கே திரும்பிப்போன குழுக்கள் உண்டு. ரன்டைம் கோப்பை ஒற்றையாக்கும் ஒரு வரி அமைப்பு போதுமானது. என்கோரில் அதற்கென்று தனி ஃபங்ஷனே இருக்கிறது.

பிரித்தால் பொதுவான நிரல் பக்கத்துக்குப் பக்கம் நகலாகுமே என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமான கேள்வி, விடையும் பழையதுதான்: பொதுவானதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். எதைப் பொதுவென்று கொள்வது என்பதில்தான் நுணுக்கம். நெக்ஸ்ட்.ஜேஎஸ் ஒரு காலத்தில், பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் பயன்படும் மாட்யூலைப் பொதுக் கோப்பில் போட்டது. கேட்பதற்குச் சரியாக இருந்தாலும், மீதிப் பாதிப் பக்கங்கள் தங்களுக்கு வேண்டாததைச் சுமந்தன. 49 சதவீதத்தில் நின்ற மாட்யூல் பக்கத்துக்குப் பக்கம் நகலானது. கூகுளின் குரோம் குழுவோடு சேர்ந்து அதை மாற்றினார்கள். ஃபிரேம்வொர்க் தனிக் கோப்பு. 160 கிலோபைட்டைத் தாண்டும் லைப்ரரி ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. இரண்டு பக்கங்களாவது பகிர்ந்துகொள்ளும் நிரலுக்குத் தனிக் கோப்பு. ஒரு பக்கம் தொடங்கும்போது 25 கோரிக்கைகள் வரை அனுமதி. எச்டிடிபி/2 உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான். நான்கைந்து கோப்பாக, இருபது கோப்பாகப் பிரிக்கும் சுதந்திரத்தை அது தந்தது. வெப்பேக் 4-ல் தொடக்கக் கோரிக்கைகளின் இயல்பு வரம்பு 3 என்று இருந்தது, 2020-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது 30 ஆனதும் இதனால்தான்.

டர்போ பயன்படுத்துகிறோம், எங்கள் பக்கங்கள் புதிதாகப் பிறப்பதில்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். லிங்கைத் தட்டும்போது பாடியை மட்டும் மாற்றிப்போட்டு நிரலை உயிரோடு வைத்திருக்கும் டர்போவில் இயக்கச் செலவு ஒருமுறையோடு முடிகிறது. அப்படிச் செய்யும் செயலி, பேருக்குப் பல பக்கம், நடத்தையில் ஒற்றைப் பக்கம். முதல் வருகையின் பாரமும் டெப்ளாய்க்குப் பிந்தைய முழு மறு இறக்கமும் அங்கேயும் மாறாது. லிசனர்கள் பக்கம் தாண்டியும் செத்துப்போகாமல் சுற்றும் புதுத் தலைவலி கூடவே வரும்.

சிறிய தளங்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. மொத்த ஜாவாஸ்கிரிப்டும் சுருக்கியபின் இருபது கிலோபைட் என்றால் ஒரே கோப்பாக வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். ஆனால் எது சிறியது என்பதில் குழுக்கள் தாராளமாக இருந்துவிடுகின்றன. பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளம் ஏற்கெனவே கச்சிதமானது என்று பெயர் வாங்கிய தளம். அவர்களே 2022-ல் ஜேகுவெரியைக் கழற்றி, கிட்டத்தட்ட எல்லாப் பக்கத்திலிருந்தும் 32 கிலோபைட்டைக் குறைத்தார்கள். மெதுவான நெட்வொர்க்கும் பழைய கருவியும் வைத்திருந்தவர்களுக்கு அதிலும் பலன் தெரிந்தது. சென்னையில் மேக்புக்கில் உட்கார்ந்து சோதிக்கிறவருக்கு அந்த 32 கிலோபைட் தெரியவே தெரியாது.

தங்கள் செயலி சிறியதா, வீண் பாரம் சுமக்கிறதா என்று அறிய யாரும் கட்டுரை படிக்க வேண்டியதில்லை. குரோமின் டெவ்டூல்ஸில் 2017-லிருந்து கவரேஜ் என்றொரு பகுதி இருக்கிறது. லாகின் பக்கத்தில் அதை ஓடவிட்டால், இறங்கியதில் ஓடாத பைட்டுகளைச் சிவப்பாகக் காட்டும். பயனர் பின்னால் தட்டக்கூடிய பட்டன்களின் நிரலும் அந்தச் சிவப்பில் சேரும் என்பதால் பக்கத்தில் இருக்கும் வழக்கமான வேலைகளைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எண்ணைக் குறிக்க வேண்டும். அதன் பிறகும் பெரும்பகுதி சிவப்பாகவே நின்றால், செயலி முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றக் கிளம்ப வேண்டாம். லாகின் செய்யாதவர்கள் பார்க்கும் பக்கங்களுக்கு ஒரு நுழைவு, நிர்வாகிகளின் பக்கங்களுக்கு ஒரு நுழைவு என்று முதலில் இரண்டாக வெட்டலாம். சார்ட் லைப்ரரியும் ரிச் டெக்ஸ்ட் எடிட்டரும் பெரும்பாலும் அந்த இரண்டாவது பக்கத்துக்காரர்களுக்கு மட்டுமே சொந்தம்.